குறிப்புரையிலிருந்தே ஏபிஐ ஆவணம்

மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட் கோர் என்னும் நிரல் கட்டமைப்பில் வலைச்சேவை (ஏபிஐ) எழுதுவோர் அதன் ஆவணத்தைத் தனியொரு வேர்ட் கோப்பில் பராமரிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மெதடுக்கும் மேலே மூன்று சாய்கோடுகளுடன் தொடங்கும் குறிப்புரையை எழுதிவந்தால், சுவாஷ்பக்கிள் என்னும் நிரலகம் அவற்றைத் திரட்டி ஸ்வாகர் என்னும் ஆவண வலைப்பக்கத்தில் காட்டிவிடும்.

முதலில், புராஜெக்ட் கோப்பில் 'ஜெனரேட் டாக்குமென்டேஷன் ஃபைல்' என்ற அமைப்பை 'ட்ரூ' ஆக்கினால், பில்ட் செய்யும்போது குறிப்புரைகள் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாக வெளிவரும். பின்னர் ஸ்வாகர் அமைப்பில் 'இன்க்ளூட் எக்ஸ்எம்எல் கமென்ட்ஸ்' வழியாக அதன் பாதையைக் கொடுக்க வேண்டும். மாடல் கிளாஸ்கள் வேறு புராஜெக்டில் இருந்தால் அங்கும் இதையே செய்து, அந்தக் கோப்பையும் சேர்க்க வேண்டும். இல்லையெனில் புலங்களின் விளக்கம் மட்டும் காலியாகவே நிற்கும்.

குறிப்புரையில் 'சம்மரி' ஒரே வரியாக இருப்பது நல்லது. மாதிரிக் கோரிக்கையை 'ரிமார்க்ஸ்' பகுதியில் வைக்கலாம். நான் மிகவும் வற்புறுத்துவது, சேவை திருப்பும் ஒவ்வொரு பதில் எண்ணையும் விளக்கும் 'ரெஸ்பான்ஸ்' குறியைத்தான். சேவையை அழைப்பவர் உண்மையில் தேடுவது 404 (கேட்டது இல்லை) எப்போது வரும், 409 (முரண்பாடு) எதனால் வரும் என்பதையே. ஆனால் பெரும்பாலான ஆவணங்கள் வெற்றியைக் குறிக்கும் 200 உடன் நின்றுவிடுகின்றன. திரும்பிவரும் தரவின் வடிவமும் தெரிய வேண்டுமானால் 'புரொட்யூசஸ் ரெஸ்பான்ஸ் டைப்' என்பதையும் மெதடின் மேல் இட வேண்டும்.

'ஜெனரேட் டாக்குமென்டேஷன் ஃபைல்' அமைப்பை இயக்கியதும், குறிப்புரை இல்லாத பப்ளிக் மெதடுகளுக்கெல்லாம் 1591 என்ற எச்சரிக்கை குவியும். அதைப் புராஜெக்ட் முழுவதற்கும் அடக்கிவிடாமல், கோரிக்கைகளைக் கையாளும் கன்ட்ரோலர் கிளாஸ்களிலாவது விட்டுவைத்தால், விளக்கமின்றி எது வெளியாகிறது என்பதைக் கம்பைலரே சொல்லிவிடும்.