சேற்றுக்கு அவசரம், கிணற்றுக்குப் பொறுமை: மாரி வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைத் துப்புரவாக்கும் முறை

மார்கழியில் கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் வாசலில் கொட்டிய ஸ்னோவைச் சவளால் வழிக்கிற அதே நாட்களில் வன்னியில் நாங்கள் வழிப்பது சேறு. இரண்டுக்கும் ஒரு குணம் பொது. புதிதாகக் கிடக்கும்போது வழித்தால் இலகுவாகப் போகும், இறுக விட்டால் அலவாங்கு எடுக்க வேண்டி வரும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மழை கொட்டியபோதும் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. அப்படி வந்தால் முதல் 2 நாளில் என்ன செய்வது, எதை ஒரு கிழமைக்குத் தள்ளிப்போடுவது என்பதுதான் இந்தப் பதிவு. சேற்றை உடனே எடுக்க வேண்டும். கிணற்றை உடனே இறைக்கக் கூடாது. பல வளவுகளில் இது தலைகீழாக நடக்கிறது. வந்தவுடன் பம்பைக் கிணற்றில் போடுகிறார்கள், அதற்குள் அறைக்குள் சேறு காய்ந்து ஓடாகிவிடுகிறது.

உள்ளே கால் வைக்க முதல்

மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். தண்ணீருக்குள் நின்றுதான் அதைத் தொட முடியும் என்றால் தொட வேண்டாம், மின்சார சபையின் 1987க்கு அழையுங்கள். பிளக் பொயின்ற் வரை தண்ணீர் ஏறியிருந்தால் வயரிங் வேலை தெரிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை மின்சாரம் வேண்டாம்.

முழங்கால் வரை வரும் பூட்ஸ், ரப்பர் கையுறை, ஒரு நீளத் தடி. தடி பாம்புக்கு. வெள்ளத்துக்கு ஒதுங்கிய புடையனும் விரியனும் விறகுக் கட்டு, அடுக்கிய ஓடு, நெல் மூட்டை இடுக்கு, கட்டிலுக்குக் கீழே என்று காய்ந்த மூலை தேடிக் கிடக்கும். கையால் தூக்க முதல் தடியால் தட்டிப் பாருங்கள்.

காலில் வெட்டுக்காயம், பித்தவெடிப்பு இருந்தால் வெள்ளத்துக்குள் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது. சேற்றில் நிற்க வேண்டிய வேலை என்றால் முன்கூட்டியே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய்த் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். கடையில் வாங்கித் தாங்களாகக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மருந்து ஒத்துவராமல் போகலாம். வேலை முடிந்து 2 கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் "வெள்ளத்துக்குள் நின்றனான்" என்று வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நாள் போய்விடும்.

எங்கள் மண்ணுக்கென்று இன்னொன்று. வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு வரும்போது புதைந்து கிடந்த வெடிபொருளையும் இழுத்து வரும். கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று சொன்ன காணிக்கும் மேட்டிலிருந்து வந்து சேரலாம். துருப்பிடித்த இரும்பு, உருளை, பச்சை நிறப் பிளாஸ்ரிக் வட்டம் எதைக் கண்டாலும் மண்வெட்டியை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்த காலடியிலேயே திரும்புங்கள். தூரத்தில் தடி நட்டுத் துணி கட்டி, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

சேற்றைத் தண்ணீரோடு சேர்த்து அனுப்புங்கள்

முதலில் ஒரு கணக்கு. 12 அடிக்கு 12 அடி அறையில் ஓர் அங்குலச் சேறு நின்றால் அது 12 கன அடி. கிட்டத்தட்ட 340 லீற்றர், நிறை அரைத் தொன்னுக்கு மேல். ஒரு தாச்சியில் 15 கிலோ போட்டால் ஓர் அறைக்கே 40 தாச்சி தூக்க வேண்டும். அதனால் தூக்கிற வேலையையே குறைக்கிற வழியைப் பாருங்கள்.

அறைக்குள் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு, அதாவது 3, 4 அங்குலத்துக்கு இறங்கும் நேரம்தான் தொடங்க வேண்டிய நேரம். தூர மூலையிலிருந்து தொடங்குங்கள். இரண்டு பேர் தும்புத்தடியால் அடியைக் கலக்க, மூன்றாவது ஆள் கலங்கிய தண்ணீரை வாசலுக்குத் தள்ள வேண்டும். தள்ளுவதற்குச் சவளை விட, நெல் காயப்போடும்போது இழுத்துப் பரப்புகிற நீளப் பிடிப் பலகைதான் நல்லது. அதன் கீழ் விளிம்பில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி, அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சின்ன ஆணிகளால் அடித்தால் சீமெந்துத் தரையோடு ஒட்டி வழிக்கும். கடையில் விற்கிற பிளாஸ்ரிக் வைப்பர் இந்தப் பாரத்துக்குக் கழுத்தில் முறிந்துவிடும்.

தண்ணீர் தரையை விட்டுப் போய்விட்டால் இந்த வழி கைநழுவிவிடும். காய்ந்த சேற்றை மண்வெட்டியால் கொத்தினால் சீமெந்துப் பூச்சும் சேர்ந்து உடையும். ஈரச் சாக்கைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஓர் இரவு விடுங்கள். காலையில் சவளுக்கு வரும். மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிக்கு இது இன்னும் முக்கியம். ஊறினால் பொங்கும், காய்ந்தால் வெடித்து இறுகும் மண் அது. முல்லைத்தீவுக் கரையோர மணல் வீடுகளில் இவ்வளவு பாடில்லை.

வெளியே தள்ளியது திரும்பி வராமலிருக்க, வீட்டுக்குள் தொடங்க முதலே படலையடிப் போக்கையும் றோட்டு மதகையும் அடைத்திருக்கிற குப்பையை இழுத்து எடுங்கள். புதிதாக வாய்க்கால் வெட்டுவதென்றால் 8 அடிக்கு ஓர் அங்குலச் சரிவு போதும். கண் மட்டத்தை நம்ப வேண்டாம். 30 அடி ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பாருங்கள். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழ் நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே தூரக் கொண்டு போங்கள்.

வழித்த சேற்றைச் சுவரோரம் குவிக்க வேண்டாம். மலசலகூடக் குழி நிரம்பி வழிந்த வளவென்றால் அந்தச் சேற்றை மரக்கறிப் பாத்திக்குப் போடாமல், கிணற்றுக்கு 50 அடிக்கு அப்பால் குழி வெட்டி மூடுங்கள்.

தரையைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிய பிறகுதான் குளோரின். சேற்றின் மேல் ஊற்றினால் குளோரினைச் சேறே தின்றுவிடும், கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது. 10 லீற்றர் வாளிக்கு 30 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்து, 10 நிமிடம் ஈரமாக விடுங்கள். கக்கூஸ் கழுவுகிற அமிலத்தோடு இதை எக்காரணம் கொண்டும் கலக்க வேண்டாம், நச்சுவாயு வரும். மண்சுவருக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் காற்றில் காயவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள்.

கிணறு: ஏன் பொறுக்க வேண்டும்

வெள்ளம் வடிந்த அடுத்த நாள் முற்றத்து மண் தண்ணீர் குடித்து ஊதிப்போயிருக்கும். கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரும் கிட்டத்தட்ட நிலமட்டத்தில் நிற்கும். அந்த நேரத்தில் உள்ளேயிருக்கும் தண்ணீரை வேகமாக இறைத்தால் வெளியே நிற்கிற தண்ணீர் கிணற்றுக்கட்டை உள்நோக்கித் தள்ளும். உள்ளிருந்து எதிர்த்துப் பிடிக்க ஒன்றும் இல்லை. கல்லுக்கட்டு பிதுங்கும், கொங்கிறீற் வளையம் விலகும், மணல் நிலத்தில் அடிமண் கொதிப்பதுபோலப் பொங்கி மேலே வரும். கட்டு தப்பினாலும் பயனில்லை, இறைத்த அளவு கலங்கல் தண்ணீர் அன்றிரவே ஊறி நிறைந்துவிடும்.

எப்போது இறைக்கலாம் என்று அறிய ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கல் கட்டுங்கள். கிணற்றுக்கட்டின் ஒரே இடத்திலிருந்து விட்டு, தினமும் காலையில் நீர்மட்டம் எத்தனையாவது முடிச்சில் என்று எழுதி வையுங்கள். முதல் நாட்களில் மட்டம் விறுவிறு என்று இறங்கும். அந்த இறக்கம் மெதுவாகி, முற்றத்தில் குதிக்கால் ஊன்றினால் தண்ணீர் கசியாத நாள் வந்தால் தொடங்கலாம். அதுவரை குடிக்க பவுசர் தண்ணீரோ வெள்ளம் ஏறாத கிணற்றுத் தண்ணீரோ எடுத்து, கொதிக்க வைத்து ஆறவிடுங்கள்.

அப்போதும் ஒரே மூச்சில் அடிவரை வேண்டாம். 3 அடி இறைத்து நிறுத்தி, கிணற்றுக்கட்டில் புதிய வெடிப்போ பிதுக்கமோ இருக்கிறதா, ஊற்று என்ன நிறத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டு அடுத்த 3 அடி. இறைக்கும் தண்ணீர் 50 அடிக்கு அப்பால் சரிவுப் பக்கம் போகட்டும்.

பெற்றோல், மண்ணெண்ணெய் பம்பை எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். மேலே வைத்து இழுக்கும் பம்ப் நடைமுறையில் 25 அடிக்குக் கீழேயிருந்து தண்ணீரைத் தூக்காது. ஆழக் கிணற்றுக்காரர் பலகை கட்டி எஞ்சினைப் பாதிக்கு இறக்குவது இதனால்தான். புகையில் வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, வட்டக் கிணற்றுக்குள் தேங்கி நின்று இறங்கியவரை மயக்கும். அவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே விழுவார். விளக்கு இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்பது போதாது. விளக்கு ஒட்சிசன் குறைவைக் காட்டும், இந்த வாயுவைக் காட்டாது. 25 அடிக்கு மேல் ஆழமென்றால் நீர்மூழ்கி மோட்டரை வாடகைக்கு எடுங்கள். அது ஓடும்போது ஒருவரும் கிணற்றுக்குள் இருக்கக் கூடாது. அடிச்சேறு அள்ள ஆள் இறங்கினால் இடுப்பில் கயிறும் மேலே இரண்டு பேரும் கட்டாயம்.

குளோரின் கணக்கு

கிணற்றுக்கட்டைப் பிரஷால் உரஞ்சிக் கழுவி, புதுத் தண்ணீர் ஊறித் தெளியவிட்ட பிறகு இது. கலங்கல் தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது. தேத்தாங்கொட்டை உரைத்துக் குடத்துத் தண்ணீரைத் தெளிய வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அது கலங்கலை அடியில் இறக்கும், கிருமியைக் கொல்லாது.

தண்ணீரின் அளவு: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம், எல்லாம் அடியில், பிறகு 22ஆல் பெருக்குங்கள். விடை லீற்றரில் வரும். 10 அடி விட்டத்தில் 10 அடி தண்ணீர் நின்றால் 22,000 லீற்றர். 6 அடி விட்டமென்றால் அதே ஆழத்துக்கு ஏறக்குறைய 7,900 லீற்றர்தான்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு, லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்ற அளவில், 1,000 லீற்றருக்கு 30 வீதம் குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் 170 கிராம் வேண்டும். அந்த 22,000 லீற்றர் கிணற்றுக்கு 3 கிலோ 700 கிராம் அளவில் போகும். பெரும்பாலானவர் சறுக்குகிற இடம் பவுடரில் உள்ள குளோரினின் வீதம். ரீ.சி.எல். என்று கிடைக்கிற சுண்ணாம்புப் பவுடர் 30 முதல் 35 வீதம். மணி மணியாக வருகிற கல்சியம் ஹைப்போகுளோரைட் 65 முதல் 70 வீதம், அதில் 1,000 லீற்றருக்கு 75 கிராம் போதும். பையில் வீதத்தை வாசியாமல் கைக்கணக்கில் போடாதீர்கள். திறந்து பல மாதம் கிடந்த பவுடரில் வீரியம் இறங்கியிருக்கும், மூடிய புதுப் பை வாங்குங்கள்.

பவுடரை நேரே கிணற்றில் கொட்டினால் கட்டியாகி அடியில் போய்க் கிடக்கும். பிளாஸ்ரிக் வாளியில் 10 லீற்றர் தண்ணீருக்கு அரைக் கிலோவாகக் கரையுங்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்க நின்று, தண்ணீருக்குள் பவுடரைப் போட வேண்டும், பவுடரின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அரை மணித்தியாலம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும், மேலே நிற்கும் தெளிவை மட்டும் கிணற்றைச் சுற்றி ஊற்றுங்கள். வாளியை ஆழ விட்டு அள்ளி அள்ளித் திரும்ப ஊற்றிக் கலக்குங்கள். தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றி, ஒவ்வொரு பைப்பிலும் மணம் வரும்வரை திறந்து மூடுங்கள். குறைந்தது 12 மணித்தியாலம், முடிந்தால் 24, யாரும் அள்ளக் கூடாது. பிறகு மணம் அடங்கும்வரை இறைத்து விடுங்கள். அந்தத் தண்ணீரைக் குளத்துக்கோ பயிருக்கோ விட வேண்டாம். சுகாதாரப் பரிசோதகர் மாதிரி எடுத்துப் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.

வாசித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

குழாய்க்கிணற்றுக்கு மேலே சொன்ன நிறையைப் போட வேண்டாம். 4 அங்குலக் குழாயில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு 8 லீற்றர்தான் தண்ணீர். 30 மீற்றருக்கு 240 லீற்றர், 30 வீதப் பவுடர் 40 கிராம் போதும். ஒரு வாளியில் கரைத்துத் தெளிவை ஊற்றி, பின்னால் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

வெள்ளம் கிணற்றுக்கட்டைத் தாண்டவில்லை, தண்ணீர் மட்டும் கலங்கியிருக்கிறது என்றால் அடிவரை இறைக்கத் தேவையில்லை. தெளியவிட்டு, குளோரின் போட்டால் போதும்.

கட்டைத் தாண்டிய வளவுகளில், சுவரில் வெள்ளக் கறை அழிய முதல் அந்த மட்டத்தில் ஓர் ஆணி அடித்து வையுங்கள். கோடையில் மேசன் வரும்போது மட்டக்குழாயை அந்த ஆணியிலிருந்து கிணற்றடிக்குப் பிடித்து, அதற்கும் ஓர் அடி மேலே வரக் கிணற்றுக்கட்டை உயர்த்தி, சுற்றிவர 4 அடி அகலத்துக்கு வெளிச்சரிவாகச் சீமெந்துத் தளம் போடச் சொல்லுங்கள்.