அச்சத்தை இறைவனிடம் ஒப்படைப்பது எப்படி?

அச்சம் எழும்போது அதை மறைக்காமல், எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பதை வெளிப்படையாகவே இறைவனிடம் சொல்லுங்கள். "நாளை அந்த உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை" என்னும் ஒரு வரி, நீண்ட பொதுப்படையான வேண்டுதலைவிட மனத்தை விரைவில் திறக்கும். உங்களால் ஆகக்கூடியதைச் செய்யாமல் காவலை மட்டும் வேண்டுவது நம்பிக்கை ஆகாது என்றே நான் கருதுகிறேன்.

இங்கே, மிதியானியரின் ஒடுக்குதலிலிருந்து இஸ்ரயேல் மக்களை மீட்க இறைவன் அழைத்த கிதியோனின் வரலாறு ஆழ்ந்து எண்ணத்தக்கது. தம் தந்தையின் வீட்டில் தாமே சிறியவர் என்று தயங்கிய அவரிடம் 32,000 பேர் திரண்டிருந்தபோது, தங்கள் கையே தங்களை மீட்டது என்று மக்கள் பெருமைகொள்ளாதபடி, அந்தப் படை முதலில் 10,000 பேராகவும் பின்னர் 300 பேராகவும் குறைக்கப்பட்டதாக விவிலியம் கூறுகிறது. அதன் பிறகும் அவருக்கு அச்சம் இருக்கக்கூடும் என்பதால், பகைவரின் பாளையத்துக்குச் செல்லும்போது பூரா என்னும் தம் வேலைக்காரனையும் உடன் அழைத்துச் செல்ல அவருக்கு இறைவனின் அனுமதி கிடைத்தது. அந்த இரக்கம் என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.

ஆகவே கடினமான செயலுக்குத் தனியே செல்லாமல், நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணைக்கு அழைக்கத் தயங்காதீர்கள். செயல் முடிந்த அன்றிரவே, அதில் உங்கள் திறமையால் நடக்காதவற்றை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து நன்றி சொல்லுங்கள்.