சேர்ந்து சொத்து வாங்கினால் பங்கையும் எழுதிவிடுங்கள்

இரண்டு பேர் சேர்ந்து வீடோ மனையோ வாங்கும்போது பத்திரத்தில் பெயர்களோடு நிறுத்தாமல், யாருக்கு எத்தனை சதவீதம், ஒருவர் இறந்தால் அவர் பங்கு அவருடைய வாரிசுக்கா மற்றவருக்கா என்பதையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் சட்டமே ஒன்றை ஊகித்துக்கொள்ளும். சில நாடுகளில் சமபங்கு, சில இடங்களில் போட்ட பணத்துக்கு ஏற்ற பங்கு. 70 சதவீதம் போட்டவர் அதை நிரூபிக்கப் பல வருடம் கழித்து, அதுவும் உறவு கசந்த பிறகு, பழைய வங்கி ரசீதுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். பெரிய கொடுமை அது.

ஆனால் திருமணத்துக்குப் பின் வாங்கும் சொத்தைச் சட்டமே தம்பதியின் பொதுச்சொத்தாக்கும் நாடுகளில் இது மட்டும் போதாது, தனி ஒப்பந்தம் தேவைப்படலாம். அப்புறம், கூட்டாக வாங்கிய கடனுக்கும் இது பொதுவாகச் செல்லாது. பங்கு 30 சதவீதம்தான் என்றாலும் வங்கி முழுப் பாக்கியையும் உங்களிடமே கேட்கலாம்.