கேமராவும் கதவுப் பூட்டும்: முதல் முறை வாங்குபவருக்கான செய்முறை விளக்கம்

"எத்தனை கேமரா போடலாம்?" என்றுதான் பெரும்பாலானோர் ஆரம்பிக்கிறார்கள். கடையிலும் நான்கு கேமரா, எட்டு கேமரா என்று கட்டி வைத்த பெட்டியைக் காட்டுவார்கள். எண்ணிக்கை கடைசியில் தெரிய வேண்டிய விஷயம். உங்கள் கட்டடத்தின் ஒவ்வொரு இடத்திலும் எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதை முதலில் எழுதிவிட்டால், லென்ஸ், பூட்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் அதிலிருந்தே முடிவாகிவிடும்.

படி 1: காகிதமும் பேனாவுமாக ஒரு சுற்று

கட்டடத்தைப் பகலில் ஒரு முறையும் இருட்டிய பிறகு ஒரு முறையும் சுற்றி வாருங்கள். கையால் ஒரு வரைபடம் போட்டு, கதவு, ஜன்னல், சுற்றுச்சுவர், வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் இந்த மூன்றில் ஒரு கேள்வியை எழுதுங்கள்: இங்கே ஆள் வந்தாரா? வந்தவர் நமக்குத் தெரிந்தவரா? முன்பின் தெரியாதவர் என்றால், முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியுமா?

கதவுகளுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: யார், எந்த நேரத்தில் இதற்குள் போகலாம்?

கேமரா யாரையும் தடுக்காது. நடந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். தடுப்பது கதவு. கையில் பணம் குறைவு என்றால் முதலில் கதவுக்குச் செலவழியுங்கள் என்றுதான் சொல்வேன். கதவு நிலை ஆடிக்கொண்டிருக்கும்போதோ, கீல் துருப்பிடித்திருக்கும்போதோ விலை உயர்ந்த பூட்டை மாட்டிப் பயனில்லை.

படி 2: மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள், அகலத்தைப் பாருங்கள்

எத்தனை மெகாபிக்சல் (படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளி) என்பது பாதி விவரம்தான். அந்தப் புள்ளிகள் எவ்வளவு அகலத்துக்குப் பரவுகின்றன என்பது மீதிப் பாதி. இதற்கு 2015 ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தர அளவு ஒன்று இருக்கிறது. ஆள் இருப்பதைக் கண்டுகொள்ள ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 புள்ளிகள், தெரிந்தவர்தான் என்று உணர 125, தெரியாதவரை அடையாளம் காண 250. நீங்கள் எழுதிய மூன்று கேள்விகளுக்கும் இந்த மூன்று எண்கள்தான் விடை.

கணக்கு எளிது. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 புள்ளி அகலம். அதை 250 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7.7 மீட்டர். அதற்கு மேல் அகலமான இடத்தைக் காட்டினால் புதியவர் முகம் தேறாது. 4 மெகாபிக்சலில் 2560 புள்ளி, சுமார் 10 மீட்டர். 8 மெகாபிக்சலில் 3840 புள்ளி, சுமார் 15 மீட்டர்.

பெரும்பாலான மலிவுக் கேமராக்களில் 2.8 மி.மீ. லென்ஸ் இருக்கும். ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் அது பத்து மீட்டருக்கும் மேல் அகலத்தைக் காட்டும். முற்றம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிவதால் பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் 2 மெகாபிக்சல் என்றால் முகத்துக்குத் தேவையான புள்ளி அதில் கிடைக்காது. அதே இடத்தில் 6 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய ஐந்து மீட்டர் அகலம்தான் காட்டும், முகம் தெளிவாக விழும். அதனால் வாசலுக்குக் குறுகிய பார்வை, வளாகத்துக்கு அகலப் பார்வை என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரே கேமராவில் இரண்டையும் சாதிக்கப் பார்த்தால் இரண்டுமே கெடும்.

படி 3: உயரமும் வெளிச்சமும்

யார் கைக்கும் எட்டக்கூடாது என்று வாசல் கேமராவை மாடி உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். பிறகு பதிவைப் பார்த்தால் வெறும் உச்சந்தலையும் தொப்பியும்தான். முகம் வேண்டிய கேமராவுக்கு இரண்டு முதல் இரண்டரை மீட்டர் உயரம் போதும். உடைத்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால், ஐகே 10 என்று குறிப்பிட்ட, அடி தாங்கும் உறை கொண்டதை வாங்குங்கள். மழையில் நனையும் இடத்துக்கு, தூசும் நீரும் புகாததைக் குறிக்கும் ஐபி 66 அல்லது 67 எண் உள்ளதை வாங்குங்கள்.

உள்ளிருந்து வாசலைப் பார்க்கும் கேமராவில் பகல் முழுவதும் வெளி வெளிச்சம் கண்ணைப் பறிக்கும், வருகிறவர் கறுப்பு நிழலாகத் தெரிவார். இதைச் சமாளிக்கும் வசதிக்கு டபிள்யூடிஆர் என்று பெயர். அந்த இடத்துக்கு அது கட்டாயம். இரவுக்கு அகச்சிவப்பு விளக்கு உள்ள கேமரா சரிதான், ஆனால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். சட்டையின் நிறமோ வண்டியின் நிறமோ தெரிய வேண்டும் என்றால் அங்கே ஒரு சாதாரண விளக்கு எரியட்டும்.

படி 4: கம்பியும் சேமிப்பும்

புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் போகும் ஐபி கேமராக்களை (நெட்வொர்க்கில் இணையும் கேமராக்கள், மேலே சொன்ன ஐபி எண் வேறு) எடுங்கள். ஒரே கேபிளில் வேலை முடியும். ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. வைஃபை கேமரா வாடகை வீட்டுக்கு வசதி, முக்கியமான வாசலுக்கு வேண்டாம். அலைவரிசையைக் குலைத்தால் பதிவு நின்றுவிடும்.

சேமிப்புக் கணக்கை நீங்களே போடலாம். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு ஏறக்குறைய 43 ஜிபி ஆகும். நான்கு கேமரா, முப்பது நாள் என்றால் 5.2 டிபி. ஆக 6 டிபி ஹார்ட் டிஸ்க். வீடியோவைச் சுருக்கும் எச்.265 முறையில் பதிந்தால், பழைய எச்.264 முறையை விடப் பாதி வரை இடம் மிச்சமாகலாம். இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கென்றே தயாரான டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்.

ரெக்கார்டரை வரவேற்பு மேசைக்குக் கீழே வைக்காதீர்கள். திருட வந்தவர் அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டால் கையில் எதுவும் மிஞ்சாது. பூட்டிய அறை, காற்றோட்டம், யுபிஎஸ் மூன்றும் வேண்டும்.

படி 5: கதவுக்கு எந்தப் பூட்டு?

இந்தப் படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

மின்சாரம் போனால் திறந்துகொள்ளும் பூட்டு ஒரு வகை, மூடியே இருக்கும் பூட்டு இன்னொரு வகை. காந்தப் பூட்டு முதல் வகை. மின்சாரம் இருக்கும்வரைதான் அது பிடித்திருக்கும். நிலையில் பொருத்தும் எலக்ட்ரிக் ஸ்ட்ரைக் (பூட்டின் நாக்கைப் பிடித்து விடுவிக்கும் மின் கருவி) இரண்டு வகையிலும் கிடைக்கிறது. பொருள் வைக்கும் அறைக்கு, மின்சாரம் போனாலும் வெளியிலிருந்து திறக்காத வகையை எடுக்கலாம், உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் அது எப்போதும் திறக்கும் என்றால் மட்டும்.

மக்கள் வெளியேறும் வழியில் காந்தப் பூட்டு போட்டால், தீ எச்சரிக்கை மணி அடித்ததும் அதற்குப் போகும் மின்சாரம் நேரடியாகத் துண்டிக்கப்பட வேண்டும். மென்பொருள் கட்டளை கொடுக்கும், நெட்வொர்க் வழியாகத் திறக்கும் என்ற ஏற்பாடெல்லாம் இதற்கு ஆகாது. நெருப்பில் அவை முதலிலேயே செயலிழக்கலாம். உள்பக்கத்தில் வெளியேறும் பொத்தானும், அவசரத்துக்கு மின்சாரத்தையே அறுக்கும் தனிப் பொத்தானும் இருக்கட்டும். உங்கள் ஊர்த் தீயணைப்பு விதியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. மலிவான கருவிகளில் கார்டு காட்டும் ரீடரும் பூட்டைத் திறக்கும் சுற்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், அந்தப் பெட்டி கதவுக்கு வெளியே இருக்கும். அதைச் சுவரிலிருந்து பெயர்த்து இரண்டு கம்பியைச் சேர்த்தால் கதவு திறந்துவிடும். வெளியே ரீடர் மட்டும், பூட்டை இயக்கும் கண்ட்ரோலர் பாதுகாப்பான உள் அறையில் என்று பிரித்து வைக்கும் கருவியையே கேளுங்கள்.

கதவில் ஒரு சென்சாரும் வையுங்கள். செங்கல்லை வைத்துக் கதவைத் திறந்து போட்டிருந்தால் அதுதான் சொல்லும்.

படி 6: கார்டா, விரலா, எண்ணா?

125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய வகைக் கார்டை நகலெடுக்க மலிவான கருவி ஒன்று போதும். 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டு என்று சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். அதில் மைஃபேர் கிளாசிக் என்ற வகையின் மறையாக்கம் (தகவலை ரகசியக் குறியாக்கும் முறை) 2008 ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. மைஃபேர் டெஸ்ஃபயர் போல ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்கம் உள்ளதைக் கேளுங்கள். ரீடரும் கண்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் முறையும் முக்கியம். பழைய வீகண்ட் முறையில் தகவல் மறைக்கப்படாமல் போகும், ஓஎஸ்டிபி முறையில் பாதுகாப்பான இணைப்பை இயக்க முடியும்.

கைரேகை வசதிதான். ஆனால் ஈரக் கை, கரடுமுரடான வேலை செய்து ரேகை தேய்ந்த கை என்றால் கருவி திணறும். கார்டு தொலைந்தால் ரத்து செய்துவிட்டு வேறு கொடுக்கலாம், விரலை மாற்ற முடியாது. ரகசிய எண் மட்டும் என்றால் ஒரு மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் தேர்வு: சாதாரணக் கதவுக்கு நல்ல கார்டு, பணமும் ஆவணமும் உள்ள அறைக்குக் கார்டோடு எண்.

படி 7: கடவுச்சொல், நேரம், அடுத்தவர் ஜன்னல்

2016 இல் மிராய் என்ற தீநிரல், கேமராக்களும் ரெக்கார்டர்களும் உட்பட லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததுதான் அதற்கு வழிவிட்டது. முதல் நாளே மாற்றுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்று கேளுங்கள். பிற்பாடு வேறு நிறுவனக் கேமராவையும் சேர்க்க, ஆன்விஃப் என்ற பொதுத் தரத்துக்கு ஆதரவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேமரா, கதவு இரண்டின் கடிகாரமும் ஒரே இடத்திலிருந்து நேரம் எடுக்கட்டும். கதவுப் பதிவேடு 9.10 என்றும், வீடியோ 9.17 என்றும் காட்டினால் யார் கார்டை யார் பயன்படுத்தினார் என்று பொருத்திப் பார்க்கவே முடியாது.

பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியைக் கேமரா அமைப்பிலேயே மறைத்துவிடுங்கள். அவர்கள் வீட்டுக்குள் அவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டும்.

படி 8: முழுப் பணம் கொடுக்கும் முன்

இருட்டிய பிறகு ஒருவரை வாசல் வழியாக நடந்து வரச் சொல்லுங்கள். நேரலையைப் பார்க்காமல், பதிவைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். முகம் தெரிகிறதா? அப்புறம் மெயின் சுவிட்சை அணையுங்கள். யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்குகிறது, ஒவ்வொரு கதவும் என்ன செய்கிறது என்று குறியுங்கள். தீ எச்சரிக்கையை இயக்கி, வெளியேறும் கதவுகள் எல்லாம் விடுபடுகின்றனவா என்று கையால் தள்ளிப் பாருங்கள். ஒரு கார்டை ரத்து செய்துவிட்டு அதையே காட்டிப் பாருங்கள். கடைசியாக, ஐந்து நிமிட வீடியோவை ஒரு பென் டிரைவில் நீங்களே எடுத்து, வேறொரு கணினியில் ஓடுகிறதா என்று பாருங்கள். இவற்றில் எது நடக்காவிட்டாலும், பொருத்த வந்தவர் அங்கே இருக்கும்போதே சரி செய்யச் சொல்லுங்கள்.