கௌபென்ஸ் போரை மேசையில் விரிப்பது எப்படி?

அமெரிக்க விடுதலைப் போரை மேசை விளையாட்டாக ஆடுபவர்கள் மிலிஷியாவை, அதாவது அவசரத்துக்குத் திரட்டிய குடிமக்கள் படையை, முன்னால் நிறுத்திவிட்டு, அது கடைசிவரை நிற்கும் என்று நம்பித் தோற்கிறார்கள். அது நிற்காது. 1780 ஆகஸ்ட் 16 அன்று கேம்டனில் அமெரிக்க ஜெனரல் கேட்ஸ் அப்படித்தான் நம்பினார். எதிரே பிரிட்டிஷாரின் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மின்னியதும் பெரும்பாலோர் ஒரு குண்டுகூடச் சுடாமல் ஓடினார்கள். ஐந்து மாதம் கழித்து, 1781 ஜனவரி 17 அன்று, அதே ரக ஆட்களைக் கொண்டு டேனியல் மோர்கன் தென் கரோலினாவின் கௌபென்ஸில் ஜெயித்தார். பெயருக்கு மாட்டுப்பட்டி என்றுதான் அர்த்தம். இடமும் மேய்ச்சல் வெளிதான். ஆட்களின் ஓட்டத்தையே அவர் உத்தரவாகப் போட்டுவிட்டார்.

அவர்கள் ஓடியதைக் கோழைத்தனம் என்று எழுதுவது சோம்பேறித்தனம். மிலிஷியாவில் பலர் கையில் இருந்தது வேட்டை ரைஃபிள். அது 200 கஜத்தில் ஆளை வீழ்த்தும், ஆனால் மறுபடி மருந்து கெட்டிக்க ஒரு நிமிடம் வரை ஆகும், பயனெட் மாட்டவும் வழியில்லை. பிரிட்டிஷ் மஸ்கெட் 80, 100 கஜத்துக்கு மேல் குறி தவறும். ஆனால் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம், முனையில் 17 அங்குல பயனெட் உண்டு. வேகநடையில் அந்த நிமிடத்துக்குள் சுமார் 100 கஜம் வந்துவிடுவார்கள். இரண்டு முறை சுட்டவனுக்கு மூன்றாவது முறைக்கு நேரம் கிடையாது.

அளவு: 1 செ.மீ. = 10 கஜம், ஒரு பொம்மை = 10 பேர். 120 × 90 செ.மீ. பலகை போதும். மரங்களை இடைவெளி விட்டு வையுங்கள், புதர் வேண்டாம். அமெரிக்கர் பக்கம் லேசாக மேடேற வேண்டும். மேட்டுக்குப் பின்னால் குதிரைகள் மறையும் அளவுக்கு ஒரு பள்ளம். பிராட் ஆறு 5 மைல் பின்னால் இருந்ததால் அது பலகையில் வராது.

முதல் வரிசையில் ரைஃபிள்காரர்கள், 15 பொம்மை. 15 செ.மீ. பின்னால் ஆண்ட்ரூ பிக்கென்ஸின் மிலிஷியா, 30 பொம்மை. இன்னொரு 15 செ.மீ. தள்ளி ஜான் ஈகர் ஹோவர்டின் வரிசை, 45 பொம்மை: நடுவில் மேரிலாந்து, டெலவேர் கான்டினென்டல்கள் (நிரந்தரப் படைவீரர்கள்), இரு ஓரங்களிலும் வர்ஜீனியாக்காரர்கள். பள்ளத்தில் வில்லியம் வாஷிங்டனின் குதிரைப்படை, 12. மோர்கனின் ஆள் எண்ணிக்கையில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை; சிலர் இதைவிட மிக அதிகம் சொல்கிறார்கள். ஆட்டத்துக்கு இந்தக் கணக்கு போதும். எதிரே பிரிட்டிஷ் தளபதி பனாஸ்டர் டார்ல்டனுக்கு 110 பொம்மை, இரண்டு சிறு பீரங்கி. அவர் ஆட்களைப் பின்னிரவிலேயே கிளப்பி நடத்திக்கொண்டு வந்து, ஓய்வு கொடுக்காமல் தாக்கினார். அதற்காக பிரிட்டிஷ் கைகலப்பில் பகடையிலிருந்து 1 கழியுங்கள்.

மிலிஷியாவின் உத்தரவை ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்: 5 செ.மீ.க்குள் எதிரி வந்ததும் இரண்டு முறை சுடு, அதிகாரிகளைக் குறிவை, பிறகு மூன்றாம் வரிசையின் இடது முனையைச் சுற்றிப் பின்னால் போ. பாதை முக்கியம். நேராகப் பின்வாங்கினால் ஹோவர்டின் வரிசைக்குள் புகுந்து அதையும் கலைத்துவிடுவார்கள். அப்படிச் சுற்றிப் போகும்போதுதான் பிரிட்டிஷ் குதிரைகள் துரத்தும். வாஷிங்டனின் குதிரைகளைப் பள்ளத்திலிருந்து எடுக்க வேண்டிய நேரமும் அதுதான். அவசரப்பட்டு முன்பே இறக்கினால் மிலிஷியா திரும்ப ஒன்றுசேராது.

அடுத்து நடந்ததைப் பலர் மோர்கனின் தந்திரம் என்று விதியில் எழுதுகிறார்கள். அது தந்திரமல்ல, தவறு. பிரிட்டிஷாரின் 71ஆம் ஹைலேண்டர் படை அமெரிக்கரின் வலப்பக்கம் வளைக்க வந்தபோது, ஓரத்துக் கம்பெனியை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார் ஹோவர்ட். அவர்கள் முதுகைத் திருப்பி நடக்க ஆரம்பித்தார்கள்; அதைப் பார்த்து மொத்த வரிசையும் நடந்தது. ஜெயித்துவிட்டோம் என்று பிரிட்டிஷார் அணி குலைந்து ஓடிவந்தார்கள். மோர்கன் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினார். வரிசை திரும்பி, சுமார் 30 கஜத்தில் சுட்டு, பயனெட்டோடு பாய்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. 500 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள்.

இதைப் பகடைக்கு விடுங்கள். எதிரி பக்கவாட்டில் வந்தால் ஒரு பகடை: 1 அல்லது 2 விழுந்தால் வரிசை முழுக்க 8 செ.மீ. பின்னால் போகும். பிரிட்டிஷ் ஆட்டக்காரர் அணியை நேராக்காமல் துரத்தினால் மட்டும், 3 செ.மீ. தூரத்தில் திரும்பிச் சுட உரிமை. அவர் நின்று அணி வகுத்தால் அந்த உரிமை கிடையாது. டார்ல்டன் நிற்கவில்லை.

வரிசைகளுக்கு நடுவே இடைவெளியை மட்டும் கூட்டாதீர்கள். அதே ஆண்டு மார்ச் 15 அன்று கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸில் அமெரிக்க ஜெனரல் நதானியேல் கிரீன் இதே மூன்று வரிசையைப் போட்டார். அங்கே அடர்ந்த காடு, வரிசைகளுக்கு நடுவே 300 கஜத்துக்கும் மேல், ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. ஒவ்வொன்றும் தனியாக அடிபட்டது, களம் பிரிட்டிஷ் ஜெனரல் கார்ன்வாலிஸ் கைக்குப் போனது. பின்னாளில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை முற்றுகையிட்ட அதே கார்ன்வாலிஸ்தான். ஆனாலும் அன்று தன் சுமார் 1,900 பேரில் கால்வாசிக்கு மேல் இழந்தார். உங்கள் பலகையில் மரம் அடர்த்தியானால் 15 செ.மீ.யை 10 ஆக்குங்கள். ஹோவர்டின் வரிசையிலிருந்து மிலிஷியாவின் முதுகு தெரிய வேண்டும்.