ஒருத்தியைக்கூடப் பிடிக்கவில்லையா? பகட்டு நகர அங்கத நாவலுக்கு மதிப்புரை எழுதும் முறை

நியூயார்க்கின் மன்ஹாட்டன். அழகும் பணமும் உள்ள பெண்கள் விருந்துக்கு விருந்து போகிறார்கள், ஒருத்தியும் நிம்மதியாக இல்லை. இந்த வகை அங்கதக் கதைக்கு, அதாவது கேலியால் குத்திக்காட்டும் கதைக்கு, வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சி ‘சிரித்து வயிறு வலித்தது’ என்கிறது. மறுகட்சி ‘எல்லாம் மேம்போக்கான ஆட்கள், யாரையும் பிடிக்கவில்லை’ என்கிறது. இருவரும் படித்தது அதே பக்கங்களைத்தான். கதைசொல்லி அந்தப் பெண்களிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று அவரவர் போட்ட கணக்குதான் வேறு. அந்தத் தூரத்தை அளக்காமல் எழுதினால், மதிப்புரை அந்தப் பெண்களின் நடத்தைக்குப் போடும் மதிப்பெண்ணாகத்தான் முடியும்.

படிப்பதற்கு முன்

முன்னட்டையும் பின்னட்டையும் என்ன வாக்குக் கொடுக்கின்றன என்று ஒரே வரியில் எழுதி வையுங்கள். 1990களின் கடைசியிலிருந்து, நகரத்துப் பெண்களைப் பற்றிய நாவல் என்றாலே இளஞ்சிவப்பு அட்டை, குதிகால் செருப்பு என்று ஒரு சீருடை மாட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பது கசப்பான கேலியாக இருந்தாலும் சீருடை மாறாது. இனிப்பான காதல் கதை என்று நம்பி வாங்கியவர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் அட்டையின் மேல்தான் போக வேண்டும்.

திரையிலிருந்து புத்தகத்துக்கு வருபவர்களுக்கும் இதே ஏமாற்றம் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் கேண்டஸ் புஷ்னெல் ‘நியூயார்க் அப்சர்வர்’ இதழில் 1994இல் தொடங்கிய தொடர் பத்தியிலிருந்துதான் ‘செக்ஸ் அண்ட் தி சிட்டி’ புத்தகமும், 1998இல் தொலைக்காட்சித் தொடரும் வந்தன. தொடரின் உயிர் நான்கு தோழிகளின் நட்பு. புத்தகத்தில் அந்த நட்பு மையமே இல்லை, தொனியும் குளிர்ச்சியானது. தோழிகளைத் தேடி வந்தவர் ‘இது வறட்சியாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போகிறார். கையில் இருப்பது முழு நாவலா, குறுநாவல்களின் தொகுப்பா, இதழ்ப் பத்திகளின் தொகுப்பா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பத்திகளைச் சேர்த்துக் கட்டிய புத்தகத்தில் கதைப்பின்னலைத் தேடிப் பயனில்லை.

முதல் முப்பது பக்கம், கையில் பென்சில்

மூன்று குறிகள் போதும். விலை, பிராண்ட், முகவரி வரும் இடத்தில் ‘வி’. கதைசொல்லி தன் குரலிலேயே கருத்துச் சொல்லும் இடத்தில் ‘க’. பாத்திரத்தின் எண்ணம் கதைசொல்லியின் வாக்கியம் போல வேடம் போட்டு வரும் இடத்தில் ‘எ’. அங்கதம் பெரும்பாலும் இந்த ‘எ’யில்தான் குடியிருக்கிறது. மாதிரிக்கு நாமே மூன்று வாக்கியம் எழுதிப் பார்க்கலாம்:

‘அந்தக் கோடையில் எம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. ஹாம்ப்டன்ஸில் கடலைப் பார்த்த வீடு, எட்டு படுக்கையறை. வீட்டுக்காரரின் குடும்பப் பெயரைத்தான் இன்னும் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.’

(ஹாம்ப்டன்ஸ் என்பது நியூயார்க் பணக்காரர்கள் கோடைக்குப் போகும் கடற்கரைப் பகுதி.) ‘ஒரு குறையும் இல்லை’ என்பது யார் சொன்னது? கதைசொல்லி தரும் சான்றிதழாக எடுத்துக்கொண்டால் இது பணக்கார வாழ்க்கைக்கு விளம்பரம். எம்மா தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்று எடுத்துக்கொண்டால் மூன்றாவது வாக்கியம் அவள் காலை வாரிவிடுகிறது. கதைசொல்லி வாயே திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தால், வாக்கியத்தின் கடைசியில் ‘என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்’ என்பதை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அது பெரும்பாலும் அவளுடைய குரல்.

முப்பது பக்கம் முடிந்ததும் குறிகளைப் பாருங்கள். ‘வி’ நிறைந்து ‘எ’ ஒன்றிரண்டே இருந்தால் அங்கதம் விலைப்பட்டியலாகச் சரிந்திருக்கலாம். இந்த வகை எழுத்தில் அடிக்கடி நேரும் கோளாறு இதுதான்: கேலி செய்யப் போன எழுத்தே பொருளின் பளபளப்பில் மயங்கி நின்றுவிடும். ஒரு கைப்பையின் பெயர் வந்தால் பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடனில் வாங்கியதா, இரவல் வாங்கியதா, யாரோ பரிசாகக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கிறாரா? எதுவுமே நடக்கவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்

சிரிப்பு வந்த பத்து இடங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அடி வாங்குவது யார் அல்லது எது என்று எழுதுங்கள். பத்தில் ஏழெட்டு இடங்களில் அடி வாங்குவது பெண்ணின் எடை, வயது, முகச் சிகிச்சை என்றால் அது மலிவான கேலி. தயங்காமல் அப்படியே எழுதலாம். அழகுக்கு ஒரு விலையும் வயதுக்கு ஒரு காலாவதித் தேதியும் வைத்திருக்கும் கல்யாணச் சந்தைதான் அடி வாங்குகிறது என்றால் விஷயம் வேறு. இந்தச் சந்தை புதிதும் அல்ல. ஈடித் வார்ட்டனின் ‘தி ஹவுஸ் ஆஃப் மிர்த்’ நாவல் 1905இல் வந்தது. அதில் நியூயார்க்கின் மேல்தட்டில் கணவன் தேடும் லில்லி பார்ட்டுக்கு வயது 29. அந்த வயதே அவள் தலைக்கு மேல் தொங்கும் கத்தி.

பிறகு இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: ‘இந்தக் கதை கேலி செய்வது ____, அதற்கு ஆதாரம் ____ஆம் பக்கம்.’ பக்க எண் கிடைக்கவில்லை என்றால் கருத்து இன்னும் உருவாகவில்லை என்று அர்த்தம். அதே பேரத்தில் இருக்கும் ஆண்கள் கீறல்கூடப் படாமல் தப்பித்துப் போனால், அந்த அநியாயத்தை நாவல் காட்டுகிறதா, அல்லது நாவலே அதைச் செய்கிறதா என்று கேளுங்கள். ஆண்கள் பேசும் வசனங்களில் கதைசொல்லி குத்தல் வைத்திருக்கிறாரா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

நாயகியின் வருத்தத்துக்கும் இதே முறைதான். வீடு யார் பேரில் இருக்கிறது, டாக்ஸிக்கு யார் பணம் கொடுக்கிறார், எந்த அழைப்பு வந்தால் அவள் மற்ற எல்லாவற்றையும் ரத்து செய்கிறாள் என்று தேடுங்கள். காரணம் அங்கே தெரிந்தால் ‘பணக்காரப் பிரச்சினை’ என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட முடியாது. எங்கேயும் தெரியவில்லை, வருத்தம் பூசிய சாயம் மாதிரி மேலாக மட்டும் இருக்கிறது என்றால் அதைக் குறையாகவே எழுதுங்கள்.

எந்தப் புகார் செல்லும்

‘கடைசி வரை யாரும் திருந்தவில்லை’ என்பது செல்லாது. திருந்த வைப்பது அங்கதத்தின் கடமை அல்ல. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1847–48இல் எழுதிய ‘வேனிட்டி ஃபேர்’ நாவலுக்கு ‘நாயகன் இல்லாத நாவல்’ என்றே துணைத்தலைப்பு உண்டு. ‘இப்படி யாரும் இருக்க மாட்டார்கள்’ என்பதும் செல்லாது, மிகைதான் இங்கே கருவி. ‘ஆசிரியரும் இப்படித்தான் போல’ என்பது வம்பு.

‘40ஆம் பக்கத்தில் நடந்ததே 140இலும் 240இலும் நடக்கிறது, புதிதாக ஒன்றும் தெரியவில்லை’ என்பது நன்றாகவே செல்லும். ‘பிடிக்கவில்லை’ என்று எழுத வந்தால் ஒரு நிமிடம் நிறுத்தி, வெறுப்பா சலிப்பா என்று பிரியுங்கள். வெறுப்பு வந்தது நாவலின் வெற்றியாகவும் இருக்கலாம், சலிப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. பழைய நகைச்சுவை இன்று முள்ளாகக் குத்தினால் வெளியான ஆண்டைச் சொல்லி, குத்தும் வரியையும் காட்டிவிடுங்கள்.

மற்றவர்கள் எழுதியதை உங்கள் குறிப்புகள் முடிந்த பிறகுதான் படிக்க வேண்டும். பத்துப் பதினைந்து போதும். ஒரு நட்சத்திரமும் ஐந்து நட்சத்திரமும் கூச்சலாக இருக்கும். காரணங்கள் இரண்டிலும் நான்கிலும்தான் அதிகம் கிடைக்கும்.

எழுதும்போது

400 சொல் என்று வைத்துக்கொண்டால் கதைச் சூழலுக்கு 60 போதும், கதையின் முதல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி எதையும் போட்டு உடைக்க வேண்டாம். ஒரே ஒரு பத்தியை மேற்கோள் காட்டி அதில் குரல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 130. கேலியின் இலக்குக்கு 100. சறுக்கிய இடத்துக்கு 80. மிச்சம் 30 சொல், யாருக்கு ஒத்துவரும், யாருக்கு ஒத்துவராது என்பதற்கு. இடம் போதவில்லை என்றால் கதைச் சுருக்கத்தில் கை வையுங்கள், மேற்கோளில் வேண்டாம். மேற்கோள் இல்லாமல் ‘கூர்மையான எள்ளல்’ என்று எழுதினால் நம்புவதற்கு யாருக்கும் காரணம் இல்லை.

நட்சத்திரம் கடைசியில். குறுநாவல் தொகுப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். முதல் கதைக்கு நான்கு, மூன்றாவதற்கு ஒன்று என்று சொல்வது, மொத்தத்துக்கும் ‘இரண்டரை’ போடுவதைவிட வாங்கப் போகிறவருக்கு உதவும்.