மழைக்கு முன் பறித்த தக்காளிக் காய்களை வீட்டுக்குள் பழுக்க வைப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் மாடித்தோட்டக்காரர்களுக்கு இந்தத் தலைவலி உண்டு. செடி நிறையக் காய். செய்தியில் புயல் எச்சரிக்கை. அப்படியே விட்டால் வேர் ஒரேயடியாகத் தண்ணீரை இழுத்து, தோல் வெடித்துவிடும். தயங்காமல் பறித்துவிடுங்கள். வாழை, மா போலத் தக்காளியும் பறித்த பிறகு பழுக்கும்.

1. முற்றிய காயா என்று பாருங்கள்

பாதி வேலை இங்கேதான். பிஞ்சாகப் பறித்ததை எதில் பொதித்து வைத்தாலும் சுருங்கிப்போகுமே தவிரப் பழுக்காது. முற்றிய காய் அந்த ரகத்துக்குரிய அளவுக்கு வளர்ந்திருக்கும். அடர்பச்சை வெளிறி, தோலில் பளபளப்பு ஏறியிருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கொழகொழப்பு இருந்து, கத்தி பட்டதும் விதை வழுக்கி நகர்ந்தால் முற்றிவிட்டது. விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் பிஞ்சு.

நிறத்தைக் காம்புப் பக்கம் பார்க்காதீர்கள். பெரியகுளத்து பி.கே.எம்.1 போன்ற ரகங்களில் தோள்பட்டைப் பச்சை கடைசிவரை ஏமாற்றும். பழுப்பது அடியிலிருந்துதான் தொடங்கும். அடியில் லேசாகச் சிவப்பு படர்ந்திருந்தால் அது செங்காய். அதைக் கூடையில் போட்டு வைத்தாலே போதும், செடியில் பழுத்ததற்கும் அதற்கும் ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. முழுப்பச்சையாகப் பறித்தது கொஞ்சம் புளிப்பாகத்தான் இருக்கும். ரசத்துக்கு அது போதும்.

2. துடைத்துப் பிரித்து வையுங்கள்

கழுவ வேண்டாம், ஈரம் பூஞ்சையைக் கூப்பிடும். உலர்ந்த துணியால் துடையுங்கள். காம்பைக் கிள்ளிவிடுங்கள், பக்கத்துக் காயைக் குத்தும். கீறல், வெடிப்பு, புழு ஓட்டை உள்ளவை அன்றைய சமையலுக்கு.

3. அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள்

செய்தித்தாள் விரித்து, காம்புப் பக்கம் கீழே இருக்க, ஒன்றோடொன்று உரசாமல் ஒரே அடுக்காக வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, வியர்த்து அழுகும்.

4. ஒரு வாழைப்பழம் சேருங்கள்

பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். அதுதான் மற்ற காய்களையும் பழுக்கத் தூண்டுகிறது. அவசரமென்றால் பெட்டிக்குள் பழுத்த வாழைப்பழம் ஒன்றை வைத்து மேலே தாளால் மூடுங்கள். நிதானமாகப் பழுத்தால் போதுமென்றால் வாழைப்பழம் வேண்டாம். கார்பைடு கல் பக்கமே போகாதீர்கள். பழுக்க வைக்க அதைப் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது.

5. நிழலான இடம்

ஜன்னலோர வெயிலில் வைப்பது பலரும் செய்வது, தேவையே இல்லை. காய் பழுக்க வெளிச்சம் வேண்டாம், இதமான சூடுதான் வேண்டும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் நல்லது. 30 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. பழம் மஞ்சளாகவே நின்றுவிடும். சித்திரை வெயிலில் செடியிலேயே அப்படி ஆவதைப் பார்த்திருப்பீர்கள். ஃபிரிட்ஜும் ஆகாது. அந்தக் குளிரில் காய் பழுக்கும் திறனையே இழந்துவிடும்.

6. தினமும் ஒரு பார்வை

அழுகியது ஒன்று இருந்தாலும் உடனே எடுங்கள், பக்கத்தில் இருப்பதையும் துடைத்துவிடுங்கள். செங்காய் சில நாளில் தயாராகும். முற்றிய பச்சைக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். பழுத்ததை அவ்வப்போது எடுத்துச் சமைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் அசையாமல் பச்சையாகவே கிடப்பவற்றைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்துவிடலாம்.